சத்தம் என்னுடையது

காருக்கு ஹெடர் மாட்டுவது என்றால் என்ன என்பதை என் மனைவி பியூலாவுக்கு நான் விளக்கியபோது அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். எஞ்சினில் நான்கு சிலிண்டர். நான்கும் எரித்துத் துப்புகிற புகை ஒரே வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் போய் விழுகிறது. அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, காலை நேரத்துத் திருத்தங்கல் பஸ்ஸில் இறங்க வழியில்லாமல் நிற்கிற கூட்டம்போலத் திணறுகிறது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, நான்கு புகைக்கும் நான்கு தனிக் குழாய் கொடுத்து, வளைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். கார் பறக்கும்.

"பறந்து எங்க போகப்போறீக?" என்றாள் பியூலா.

நியாயமான கேள்வி. நான் இயற்பியல் எடுக்கிற பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சர்ச் அதைவிடப் பக்கம். தொப்பை விழுந்த சாலமன்ராஜ் வாத்தியாருக்கு, வேகத்துக்குப் பேர்போன பழைய சிட்டி விடெக் கார் எதற்கு என்று தெருவே கேட்டது. மதுரையில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன். பானெட்டைத் திறந்தார். நான் விழுந்துவிட்டேன். இருபது வயதுக் கார். தன் காலத்தில் பெரிய பெரிய வண்டிகளையெல்லாம் நான்குவழிச் சாலையில் ஓரங்கட்டியது. எனக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், எனக்கு அப்படியொரு காலமே இருந்ததில்லை.

கோடை விடுமுறை விட்ட வாரத்தில் ஹெடர் கூரியரில் வந்தது. பளபளவென்று, நான்கு குழாய்கள் பின்னிப் பிணைந்து. சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸான பியூலா, டியூட்டி முடிந்து வந்து அதைக் குனிந்து பார்த்தாள்.

"ஆட்டுக்குடல் மாதிரி இருக்கு. கழுவிட்டீகளா?" என்றாள்.

எங்கள் தெரு விஸ்வநத்தத்தின் கடைசித் தெரு. அதற்கப்புறம் கண்மாய். கண்மாயில் தண்ணீருக்குப் பதிலாகச் சீமைக்கருவேலம். அந்தக் கரையில் ஒரு பயராபீஸ். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாலுகா ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ் மாதிரி அதுவும் ஓர் ஆபீஸ். தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். எதிர்வீட்டுப் பாண்டிச்செல்விக்கு, வானத்தில் வண்ணமாக விரிகிற வெடிகள் செய்கிற பேன்சி ரூமில் வேலை. அவள் கணவன் கோட்டைச்சாமி லோடுமேன். லோடு இல்லாத நாட்களில் என் கார் ஷெட்டுக்கு வந்து, நான் தப்புச் செய்வதை ஆர்வமாகப் பார்ப்பான்.

கழற்றுகிற வேலையை ஒரு வீடியோவைப் பார்த்துத் தொடங்கினேன். வெள்ளைக்காரன் ஒருவன், காரைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டு, சீட்டியடித்தபடியே முடித்துவிடுகிறான். நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்தேன். தொப்பை இடித்தது. வெளியே வந்து இன்னும் கொஞ்சம் தூக்கினேன். முதல் நட்டு நகரவில்லை. இரண்டாவதும். இருபது வருஷ வெக்கையில் அவை தனி நட்டாக இருப்பதையே மறந்து இரும்போடு இரும்பாகியிருந்தன. துரு இளக்குகிற எண்ணெயை அடித்தேன். பாதி நட்டிலும் பாதி என் கண்ணிலும் போனது.

"தள்ளுங்க சார். படிச்ச கைக்கு இதெல்லாம் வராது" என்று கோட்டைச்சாமி ஸ்பேனரை வாங்கினான். கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல ஒரு திருகு.

"வந்துருச்சு சார்!"

வந்தது. நட்டு மட்டுமல்ல, அது மாட்டியிருந்த போல்ட்டும் பாதியில் முறிந்து கூடவே வந்தது. மிச்சப் பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுகொண்டது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"அது வேணுமா சார்?" என்றான்.

முறிந்த துண்டை எடுக்கத் திருத்தங்கலிலிருந்து லேத்துக்காரரை அழைத்து வந்தோம். அப்புறம் ஹெடரை மாட்டினால், அதன் வாய்க்கும் பின்னால் போகிற சைலன்ஸர் குழாயின் வாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அனுப்பியவர்களுக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் பொருந்துது சார்" என்றார்கள். எனக்கு மட்டும் பொருந்தாத பொருட்கள் உலகத்தில் நிறைய உண்டு என்பதால் நான் வாதாடவில்லை. ஒரு துண்டுக் குழாயைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஒழுகும் என்று தெரியும். புகைதானே, ஒழுகினால் என்ன என்று விட்டேன். கழற்றிய பழைய வார்ப்பிரும்புப் பெட்டியைக் கோட்டைச்சாமி கோழிக்கூண்டின் மேல் பாரமாக வைக்க எடுத்துப்போனான்.

ஒரு புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். கார் உறுமியது. எனக்குப் புல்லரித்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டு எடுத்தேன். சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய், ஒழுகுகிற வாய் வழியாக உள்ளே வந்த காற்றோடு சேர்ந்து, அங்கே வைத்துப் பற்றிக்கொண்டது. இதைப் பதினோராம் வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். படத்தில் சத்தம் வராது.

டமார்.

எங்கள் ஊரில் அப்படியொரு சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த நொடி வரை நான் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் ஆள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், எந்தத் திசையில் புகை என்று. அடுத்து எல்லோர் காதிலும் போன். அந்தப் பக்கம் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் முடியாது. பயராபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் சங்கரலிங்கத்தின் மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, அதில் அத்தனை போனும் கிடக்கும். அத்தனையும் ஒரே சமயத்தில் அடிக்கும். கோட்டைச்சாமி செருப்பில்லாமல் கண்மாய்க்குள் ஓடினான். நான் பின்னாலேயே, "ஏ, நான்தாம்ப்பா! நான்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

கண்மாய் நடுவில், எதிரே பெண்கள் கூட்டமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ரூமைவிட்டு வெளியே பாய்ந்தவர்கள் நிற்கவே இல்லை. முன்னால் பாண்டிச்செல்வி. அவளுக்கும் முன்னால், அதே ரூமில் வேலை பார்க்கும், அறுபதைத் தொடப்போகிற வெள்ளைத்தாய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. விஷயம் தெரிந்ததும் பாண்டிச்செல்வி இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கினாள்.

"சாரா? சார் காரா?"

"மன்னிச்சுக்கோம்மா."

அவள் சிரித்தாள். பிறகு ஒரு கை மண்ணை அள்ளி என் சட்டைமேல் எறிந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வெள்ளைத்தாய் மட்டும் சிரிக்காமல், "சத்தம் சத்தந்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒரு தடவை எல்லோரும் ஓடிவிட்டால் போர்மேன் ரூம் ரூமாகப் பார்த்து முடிக்கும்வரை யாரையும் உள்ளே விட மாட்டார். அன்றைய வேலை போனது போனதுதான். சாயங்காலம் பாண்டிச்செல்விதான் வந்து யோசனை சொன்னாள்.

"சார், வண்டியப் போடாதீகன்னு நாங்க சொல்லல. ஆசையா வாங்கிருக்கீக. போடுறதுக்கு முன்னாடி தெரு குரூப்புல ஒரு வார்த்தை போட்டுருங்க. சங்கரலிங்க மாமா அதுல இருக்காக. பாத்துட்டு ரூம்ல வந்து சொல்லிருவாக. நாங்க பாட்டுக்கு வேலையப் பாப்போம்."

எவ்வளவு நல்ல யோசனை. எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

முதல் செய்தியை ஒழுங்காகத்தான் எழுதினேன்: 'கார் ஸ்டார்ட் செய்யப்போகிறேன். சத்தம் என்னுடையது. பயப்பட வேண்டாம்.' ஆனால் நாக்கில் சனி என்பார்களே, எனக்கு அது விரல் நுனியில். அடுத்த செய்தி, 'பெரியோர்களே, தாய்மார்களே, அடியேனின் கார் இன்னும் சற்று நேரத்தில் தொண்டையைச் செருமும்' என்று போனது. அதற்கடுத்தது, 'இன்று காலைக் காட்சி மட்டும். அனுமதி இலவசம்.' தெரு சிரித்தது. சிரிக்கிற மஞ்சள் முகங்களை நான் எண்ணிப் பார்த்துப் படுக்கப் போனேன் என்றால் நம்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை. சங்கரலிங்கம் மட்டும் ஒவ்வொரு செய்திக்கும் கட்டைவிரலை உயர்த்துவார். அதற்கு அர்த்தம், உள்ளே போய்ச் சொல்லியாயிற்று.

"வெள்ளைத்தாயக்கா மட்டும் இன்னும் ஓடுறாக சார். நீங்க சொல்லிட்டீகன்னு சொன்னாலும் ஓடுறாக. நாங்க பிடிச்சு இழுத்துட்டு வர்றோம்" என்று பாண்டிச்செல்வி ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பியூலா சிரிக்கவில்லை.

"ஒரு சத்தத்துக்கு ஓடாம இருக்கப் பழக்குறீகளே" என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. நான் ரசம் கேட்டேன்.

அப்புறம் ஒருநாள் காலை கிளாம்பைக் கழற்றிப் புதிதாக ஒரு துண்டு போட்டிருந்தேன். இந்தத் தடவை ஒழுகாது என்று நிச்சயமாக நம்பினேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நம்பினேன். சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். 'பெரியோர்களே, தாய்மார்களே, இதோ வருகிறது, இதோ வருகிறது. சத்தம் என்னுடையது. யாரும் ஓட வேண்டாம்.' கட்டைவிரல் உயர்ந்தது.

காரில் ஏறப்போனவன், எதற்கும் கடைசியாக ஒருமுறை இறுக்கிவிடுவோம் என்று அடியில் படுத்தேன். நட்டு கையிலிருந்து நழுவி உருண்டது. உருளுகிற நட்டு நேராகப் போகாது, கைக்கு எட்டாத இடமாகத் தேடிக்கொண்டு போகும். பக்கவாட்டில் புரண்டு, மூலையில் துழாவிக்கொண்டு கிடந்தேன்.

முதுகில்தான் கேட்டது. தரை ஒரு தடவை என்னை மேலே தட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. திடப்பொருளில் ஒலி வேகமாகப் போகும், காற்றில் மெதுவாக வரும். வருஷா வருஷம் ஒரு மார்க் கேள்வி.

காரின் அடியிலிருந்து வெளியே வந்தேன். கோட்டைச்சாமி அவன் வீட்டு வாசலில், ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். முகத்தில் பாதி நுரை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சார், இன்னிக்கு டபுள் லோடா? கை நடுங்கி மீசையில பாதி போயிருக்கும்!"

பக்கத்து வீட்டிலிருந்தும் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. காரணம் என் சட்டைப்பையில், போனுக்குள் இருந்தது.

கோட்டைச்சாமி சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பு இருக்கும்வரை அவன் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் நடந்துவிடும். ஒரு நொடி விட்டுவிட்டேன். சிரிக்கட்டும் என்றுதான்.

"நான் ஸ்டார்ட் பண்ணல, கோட்டைச்சாமி."

"ஆமா, நீங்க பண்ணல. அதுவாப் பண்ணிக்கிருச்சு."

"இல்லப்பா. நான் போடவே இல்ல."

"சார், காலங்காத்தால சிரிக்க வைக்காதீக. கன்னத்தக் கீறிக்கிருவேன்."

என் முகத்தை எப்படி வைத்துக்கொண்டால் அவன் நம்புவான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த என் முகங்கள் எல்லாமே வேடிக்கை முகங்கள். தெருவைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்தேன். பிளேடு கீழே விழுந்தது. இழுத்துக்கொண்டு வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் அவன் உள்ளங்கையை எடுத்து ஹெடர் குழாயின்மேல் வைத்தேன்.

ஓடிய எஞ்சினின் குழாயைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். அது அவனுக்கும் தெரியும், ஒருமுறை சுட்டுக்கொண்டவன். இப்போது குழாய் பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. அவன் கையை எடுக்கவில்லை. இன்னொரு குழாயைத் தொட்டுப் பார்த்தான். மூன்றாவதை. நான்காவதையும் தொட்டுவிட்டுத் திரும்பிக் கண்மாய்ப் பக்கம் பார்த்தான். கருவேலத்துக்கு மேலே வெள்ளையாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

பாதி நுரையோடு டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனான்.

சங்கரலிங்கத்துக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. குரூப்பில் எழுதினேன்: 'அது என் கார் இல்லை. நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை.' அனுப்பிய மறுநொடி ஒரு சிரிக்கிற முகம். இன்னொன்று. 'சார் ஃபார்ம்ல இருக்காரு' என்று ஒருவர். 'உண்மை. பயராபீஸ்' என்று எழுதினேன். கண்ணில் நீர் வழியச் சிரிக்கிற முகம் ஒன்று வந்தது. இத்தனை நாள் அதற்காகத்தான் எழுதினேன். பிறகு குரல் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தினேன். பேச நினைத்ததெல்லாம் வரவில்லை. "நான் இல்ல... நான் இல்ல... போய்ப் பாருங்க" என்று மட்டும்தான் வந்தது. அதைத்தான் நம்பினார்கள். வாசல்கள் திறந்தன.

சாவி என் பையில் இருந்தது. மாவட்டத்திலேயே என்னைவிட வேகமாக அங்கே போகக்கூடிய கார் யாரிடமும் இருந்திருக்காது. ஆனால் அடியில் ஒரு நட்டு இல்லை. குழாய் வாய் திறந்து தொங்குகிறது. கிளப்பினால் நெருப்பைக் கக்கிக்கொண்டு போகும், வெடித்துக்கொண்டிருக்கிற பயராபீசுக்கு. வழியில் இன்னொரு டமார் போட்டால் இந்தத் தெரு எந்தப் பக்கம் ஓடும்? காரைப் பார்த்தேன். அதுவும் பானெட்டைத் திறந்துவைத்து என்னைப் பார்த்தது. கண்மாய்க்குள் இறங்கி ஓடினேன். பாதி தூரத்தில் ஒரு செருப்பு அறுந்தது. மறு பாதியை முள்ளில் நொண்டிக்கொண்டு ஓடினேன். விலா குத்தியது. ஆட்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒரு பாட்டிகூடத் தாண்டினாள்.

அந்தக் கரையில் யாரையும் கிட்டே விடவில்லை. உள்ளே இன்னும் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. தீபாவளி வானத்துக்கென்று கட்டிவைத்த பச்சையும் சிவப்பும் பட்டப்பகலில் ஆளுயரத்தில் சிதறியது. கோட்டைச்சாமியை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். கன்னத்தில் நுரை காய்ந்து போயிருந்தது. அவன் திமிறவில்லை, அவர்களே பயந்து பிடித்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவன் தோளைத் தொடலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே மண்ணில் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த மரப்பெட்டி. உள்ளே அத்தனை போனும் அடித்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டு. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அனுப்புனதப் பாத்துட்டு உள்ள போய்ச் சொன்னேன் சார். ரூம் ரூமாச் சொன்னேன். சத்தம் கேக்கும், ஓடாதீக, சார் காருன்னு." பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்து ஒக்காரக்கூட இல்ல சார்" என்றார்.

கோட்டைச்சாமி அதைக் கேட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவன் மறுபடியும் புகையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

பின்பக்க வேலி வழியாகப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தலையிலிருந்து கால்வரை அலுமினியப் பொடி. வெள்ளி முலாம் பூசினதுபோல எல்லோருக்கும் ஒரே முகம், அதில் கண் மட்டும் தனியாக. கோட்டைச்சாமி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று உற்றுப் பார்த்தான். "நான் செல்வி இல்லண்ணே... நான் இல்லண்ணே" என்று அவர்கள் விலகிப் போனார்கள். எனக்கு அந்த வார்த்தை பழகிப்போயிருந்தது.

கடைசியில் இருவர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மற்றவளின் இடது கை முழங்கைக்குக் கீழே வெள்ளியாக இல்லை, பறந்து வந்த பொறி விழுந்து வெந்து சிவப்பாக இருந்தது. கோட்டைச்சாமி அவள் முன்னால் போய் நின்றான். உற்றுப் பார்த்தான்.

"என்ன அப்படிப் பாக்கிய? மூஞ்சியில பாதிய ஏன் சரைக்காம வந்த?" என்றாள் பாண்டிச்செல்வி.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். என்மேல் கோபமில்லை. நடந்ததைச் சொல்கிற அவசரம்தான் இருந்தது.

"சத்தம் கேட்டதும் இந்த அக்கா வழக்கம்போல எந்திரிச்சு ஓடிருச்சு சார். எங்களுக்குச் சிரிப்பு. 'ஏ, போய்ப் பிடிச்சுட்டு வாடி அந்தக் கெழவிய'ன்னு கருப்பம்மா சொன்னா. நான்தான் பின்னாடியே போனேன். 'சார் காருக்கா, வாக்கா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே போறேன். அரசமரத்துக்கிட்ட கையப் பிடிச்சுட்டேன். திரும்பிப் பாக்கேன், எங்க ரூம்..."

"ரூம்ல யாரு?" என்றேன்.

"கருப்பம்மா. ஞானபூரணி." பிறகு சொன்னாள், "அவளுக ரெண்டு பேரும் எனக்காகச் சிரிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாளுக சார்."

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள்.

பியூலா மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தாள். நான் ஷெட்டில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் உசுரு இருக்கு. மதுரைக்கு அனுப்பிருக்கோம். ஞானபூரணிக்குக் கொஞ்சம் பரவால்ல. கருப்பம்மாவுக்கு நாள் ஆகும்."

"சத்தத்தப் பத்தி ஏதாச்சும்..."

"இல்ல." பையைக் கீழே வைத்துவிட்டு, "கேக்கவும் மாட்டேன். நீங்களும் போய்க் கேட்டுக்கிட்டு நிக்காதீக. அவுக பதில் சொல்ற நெலமையில இல்ல" என்றாள். என் கையைப் பார்த்தாள். முந்தின நாள் கிரீஸ் அப்படியே இருந்தது. துணி துவைக்கிற சோப்பையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவளே விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். அன்றைக்கு அவள் கழுவிய கைகளில் என்னுடையது மட்டும்தான் சுகமாக இருந்த கை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வேறொரு ரூமில் மருந்து கலக்கும்போது உராய்வில் பற்றி, அங்கிருந்து பேன்சி ரூமுக்குத் தாவியது என்றார்கள். முதல் வெடிக்கும் பேன்சி ரூம் பற்றிக்கொண்டதற்கும் நடுவே ஓடித் தப்பிக்க நேரம் இருந்ததா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நான் தயாராக இருந்தேன். தெருவிலும் ஒருவரும் திட்டவில்லை. சங்கரலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். "நீங்க எழுதுனீக, நான் வாயால சொன்னேன். யாரு கணக்குல எழுத?" என்றார். இருவரும் காப்பியைக் குடித்தோம். குரூப்பில் என் கடைசிச் செய்தியை அழிக்கலாமா என்று பலமுறை எடுத்துப் பார்த்தேன். அதன் கீழே அந்தக் கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது.

கார் அப்படியே ஸ்டாண்டில் கிடந்தது. ஹெடரை மாட்டிய நிலையில் கிளப்பவும் முடியாது. கழற்றப் போனால் கை வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கோட்டைச்சாமி தானாக வந்தான். தோளில் அந்தப் பழைய வார்ப்பிரும்புப் பெட்டி. கோழி எச்சத்தைக் கழுவித் துடைத்திருந்தான்.

"கூண்டுக்கு வேற கல்லு வச்சுட்டேன். வாங்க சார், மாட்டுவோம்."

நானே அடியில் படுத்தேன். அவன் மேலே நின்று ஒவ்வொரு நட்டாகக் கையில் கொடுத்தான். கழற்றும்போது அத்தனை பிடிவாதம் செய்த இடத்தில் பழைய பெட்டி ஒரு தட்டில் போய் உட்கார்ந்தது. சைலன்ஸர் குழாயோடு வாய்க்கு வாய் சரியாகச் சேர்ந்தது, இரண்டு விரல் இல்லை, ஒரு நூல்கூட இல்லை. ஹெடரை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். நிஜமாகவே ஆட்டுக்குடல் மாதிரிதான் இருந்தது.

சாவியை எடுத்தேன். பழக்கத்தில் இன்னொரு கை போனை எடுத்துவிட்டது. 'கார்' என்று எழுதினேன். அடுத்த சொல்லைத் தட்ட விரல் வரவில்லை. இனி சத்தமே வராது. ஆனாலும் சொல்லாமல் எப்படிப் போடுவது? போனை ஷெட்டிலேயே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பாண்டிச்செல்வி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பழசையே மாட்டியாச்சும்மா. ஸ்டார்ட் பண்ணப்போறேன். சத்தம் இருக்காது. இருந்தாலும் ஒரு வார்த்த..."

"வேணாம் சார்."

"ஸ்டார்ட் பண்ண வேணாமா?"

"தாராளமாப் பண்ணுங்க. சொல்லாதீக." வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "இனிமே யாரும் எங்களுக்குச் சொல்லாதீக சார். கேட்டா நாங்க ஓடிக்கிடுறோம்."

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். கோட்டைச்சாமி தலையசைத்தான். சாவியைத் திருப்பினேன். ஓடுகிறதா இல்லையா என்று ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாக. ஒரு மின்விசிறி ஓடுகிற சத்தம்கூட இல்லை.

கண்ணாடியில் எதிர்வீடு தெரிந்தது. வெங்காயத் தட்டு வாசற்படியில் தனியாக இருந்தது. பாண்டிச்செல்வி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்து நின்றிருந்தாள்.